சாரல் பந்து வாங்காத நாள்

மரியபுஷ்பத்தின் இடது மணிக்கட்டில் இரண்டு நாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று சாரலுடையது.

சாரல் ஒரு சிப்பிப்பாறை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட முகம், வெந்தய நிறம். இடிந்து விழுந்த கட்டடங்களுக்கு அடியில் உயிரோடு கிடக்கும் மனிதர்களை மோப்பம் பிடித்துக் காட்டுவது அவள் வேலை. நாயை 'அது' என்று யாராவது சொன்னால் புஷ்பத்துக்கு மூக்கு விடைத்துவிடும். நமக்கு எதற்கு வம்பு, நாமும் அவள் என்றே சொல்லிவிடலாம்.

சாரலின் பின்னந்தொடையின் உட்பக்கம், தோலுக்குக் கீழே, அரிசியளவு மின்னணுச் சில்லு ஒன்றை வைத்திருந்தார்கள். அவளுடைய நெஞ்சுத் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். புஷ்பத்தின் கையில் கட்டியிருந்த காப்பு அதை வாங்கி, அவள் தோலில் தட்டிக் காட்டும். சாரல் ஓடினால் காப்பு ஓடும். சாரல் தூங்கினால் காப்பு நிதானமாகும். சாரலுக்குச் சூடு ஏறினால் காப்பு சுடும். சூடு எல்லை தாண்டினால் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கும். இறுக்கினால் கேள்வி கேட்கக் கூடாது, நாயை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மீட்புப் படையின் சட்டம்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷங்களில் கத்திரி வெயில் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதை விட்டுவிட்டது. மாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் வாட்டியது. வேலை நாய்கள் ஒவ்வொன்றாக வெயிலில் சுருண்டு விழுந்தன.

"வேலை செய்யுத நாய்க்கு நிறுத்தத் தெரியாது," என்று பயிற்சி வகுப்பில் டாக்டர் மீரான் சொன்னார். படையின் கால்நடை மருத்துவர், காயல்பட்டினத்துக்காரர். "ஒரு ஆளத் தேடச் சொன்னா, உசிரு போற வரைக்கும் தேடும். நிறுத்த வேண்டியது நம்மதான். காப்பு இருக்குன்னு கைய மறந்துராதீங்க. தொடைக்கு உள்பக்கம் ரெண்டு விரல வச்சு நாடி பாருங்க. ஈறப் பாருங்க. விரலால அமுக்கி எடுத்தா வெளுக்கும், ஒடனே ரோஸ் நிறம் திரும்பணும். திரும்பலைன்னா ஆபத்து."

"அதான் மெஷின் வந்துட்டுல்லா டாக்டர், பெறவு எதுக்கு?" என்று புஷ்பமே கேட்டாள்.

"மெஷின் யாரோ செஞ்சது. கை ஒன்னோடது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அரசாங்க வகுப்புகளில் பாடத்தை விட மதியச் சாப்பாடு அதிக நாள் நினைவில் நிற்கும். இதற்கும் அதே கதிதான்.

காப்பு சொல்லும் விஷயங்களில் புஷ்பத்துக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. உயிருள்ள மனித வாசனை மூக்கில் ஏறிய கணத்தில் சாரலின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். ஒரு துடிப்பு தவறி, பின் மூன்று துடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். குரைப்பு அதற்குப் பிறகுதான் வரும். ஊரே சாரல் குரைக்கக் காத்திருக்கும்போது புஷ்பத்துக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே அவள் இந்த வேலையில் இருந்தாள் என்று கூடச் சொல்லலாம்.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி, கட்டிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளம் கான்கிரீட் போடும்போதே சரிந்து விழுந்தது. கொத்தனார்களும் சித்தாள்களும் அடியில் போனார்கள். படை வந்து இறங்கி வேலையைத் தொடங்கியதிலிருந்து எடுத்ததெல்லாம் பிணங்கள். சாரல் துள்ளவே இல்லை. பிண வாசனைக்கு அவள் குரைக்க மாட்டாள், காதை மடித்துக்கொண்டு ஒதுங்குவாள். அப்படி ஒதுங்கி ஒதுங்கி அவளுடைய வால் தொங்கிப்போனது. காப்பில் துடிப்பு மந்தமாக, அக்கறையில்லாமல் வந்தது. காலையில் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்துக்கொண்டாள்.

தேடித் தேடி யாரும் உயிரோடு கிடைக்காவிட்டால் மீட்பு நாய்க்கு மனம் விட்டுப்போகும். பிறகு தேடவே தேடாது. அதற்கு இந்தப் படையில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். படை ஆளே ஒருவர் இடிபாட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வார். நாய் போய்க் கண்டுபிடித்துக் குரைக்கும். "நல்ல புள்ள, நல்ல புள்ள" என்று சொல்லி அதற்குப் பிரியமான ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். ஒளிந்த ஆள் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். நாய்க்கு உலகம் மறுபடி நல்லதாகிவிடும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. ஆள் ஒளிந்திருக்கும் பக்கம் நாயை நடத்துகிறவர் பார்க்கவே கூடாது. நாய் கண்ணைப் படித்துவிடும். அதனால் பெரும்பாலும் ஒளிகிற இடத்தைக் கேட்டுக்கொள்ளவே மாட்டார்கள். எந்தத் திசை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

"அண்ணாச்சி, சாரலுக்கு ஒருக்கா ஒளிஞ்சு குடுங்களேன்," என்று புஷ்பம் பிச்சைக்கண்ணுவிடம் கேட்டாள். படையில் கயிறும் ஏணியும் கட்டுகிறவர். நாய்களுக்கு ஒளிந்து கொடுத்தே முட்டியில் தழும்பு வாங்கியவர்.

"மேக்க போயி படுத்துக்கிடுதேன். நீ ஒரு டீயக் குடிச்சிட்டு வா," என்றார் அவர்.

மேற்குப் பக்கம் தேடி முடித்த இடம்தான். காலையிலேயே ஆட்கள் கருவி வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று குறி போட்டுவிட்டார்கள். புஷ்பம் டீயைக் குடித்தாள். தண்ணீர் காட்டினாள், சாரல் நாலு வாய் நக்கினாள். பிறகு சேணத்தை மாட்டி, "தேடு" என்றாள்.

மேற்கே போய்ச் சேர்ந்ததும் காப்பு துள்ளியது.

எத்தனையோ நாளாக உணராத துள்ளல் அது. சாரல் ஒரு சாய்ந்த தூணுக்கும் இரும்புக் கம்பிக் கூட்டத்துக்கும் நடுவே நின்று குரைத்தாள். வெறும் குரைப்பில்லை, உடம்பு முழுவதையும் சேர்த்துக் குரைத்தாள்.

"நல்ல புள்ள, நல்ல புள்ள," என்று புஷ்பம் பந்தை எடுத்துப் போட்டாள். "அண்ணாச்சி, போதும், எந்திரிச்சு வாங்க."

பந்து சாரலின் முன்னங்காலில் பட்டு உருண்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கான்கிரீட்டைப் பிறாண்டினாள், முனகினாள், மறுபடி குரைத்தாள். பந்துக்காகக் கடலுக்குள்ளேயே போகக்கூடியவள். புஷ்பம் இதை யோசிக்கத் தொடங்குவதற்குள் காப்பு கொதித்தது. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

சாரலின் பின்னங்கால்கள் தடுமாறின. நாக்கு அகன்று கன்னத்தோரம் தொங்கியது. வாயிலிருந்து எச்சில் கஞ்சிபோல் வடிந்தது. புஷ்பம் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. அவ்வளவுதான், பந்தும் மறந்தது, பிச்சைக்கண்ணுவும் மறந்தார். நாயை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். சாரல் அவள் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, மேற்கே பார்த்து, கடைசியாக ஒருமுறை குரைத்தாள்.

வழியில் மீட்புப் பணியை நடத்திய அதிகாரி மறித்தார். "என்னம்மா, மேக்க எதும் காட்டுச்சா?"

"இல்ல சார், அது நம்ம ஆளுதான். ஒளிஞ்சு குடுத்தாவ. வரச் சொல்லிட்டேன்."

அதிகாரி வாக்கி டாக்கியை எடுத்தார். "பிச்சைக்கண்ணு, வெளிய வந்துட்டியா?"

"வெளியதான் இருக்கேன் சார்," என்று பதில் வந்தது.

அது முழு உண்மை. அதிகாரி கையைக் காட்டினார். காத்துக்கொண்டிருந்த மண் அள்ளும் இயந்திரம் நகர்ந்தது. கிழக்குப் பக்கம் அள்ளிய இடிபாட்டையெல்லாம் கொட்டுவதற்கு, தேடி முடித்த மேற்குப் பக்கம்தானே வசதி.

கூடாரத்தில் டாக்டர் மீரான் மளமளவென்று வேலை பார்த்தார். சேணத்தை அறுத்து எறிந்தார். வெப்பமானியை வைத்துப் பார்த்தார், நூற்றி ஏழு டிகிரியைத் தாண்டியிருந்தது. வாளித் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் ஊற்றச் சொல்லி, மின்விசிறியைத் திருப்பி வைத்தார். பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் ஈரத் துண்டைக் கொண்டுவந்து போர்த்தப் போனார்.

"போத்தாதே, சூட்ட உள்ளயே பிடிச்சு வச்சிரும். ஐஸும் வேண்டாம். தண்ணி, காத்து, அவ்வளவுதான்," என்றார் டாக்டர். முன்னங்கால் மயிரைச் சிரைத்து ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டார். இரண்டு விரல்கள் தொடையின் உள்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நூற்றி மூன்றுக்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்தினார். "இதுக்கு மேல ஊத்தினா கிடுகிடுன்னு எறங்கிரும்."

சாரல் கண்ணைத் திறந்து புஷ்பத்தைப் பார்த்தாள். வால் நுனி ஒருதரம் தரையில் தட்டியது. காப்பும் மெல்ல ஆறியது. புஷ்பத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"பொழச்சிட்டால்லா டாக்டர்?"

"இன்னும் இல்ல." அவர் சாரலின் வயிற்றைக் காட்டினார். மயிர் குறைந்த இடத்தில் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள். "சூட்டுல உள்ள ரத்தக் குழாயெல்லாம் நைஞ்சிருக்கு. கசியுது. ராத்திரி தாண்டணும். அது வரைக்கும் இவள அசைக்கப்படாது. அசையாமக் கெடந்தா பொழைப்பா. நா நம்புதேன்."

பிச்சைக்கண்ணு அப்போதுதான் வியர்த்து வழிய உள்ளே வந்தார். "என்னட்டீ ஆச்சு, புள்ளைக்கு?"

புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா ஒளிஞ்சிய அண்ணாச்சி. பந்தக் கூட வாங்க மாட்டேன்னு உங்களையே தேடுனா."

"நா எங்க ஒளிஞ்சேன்? போறதுக்குள்ள ஜெனரேட்டர் வயரு அறுந்துட்டுன்னு கூப்பிட்டுட்டாவ. இம்புட்டு நேரம் அங்கனதான் கெடந்தேன்."

மேற்கே இயந்திரம் இடிபாட்டைக் கொட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

புஷ்பம் ஓடிய ஓட்டத்தில் இயந்திரம் நின்றது. ஆனால் அவள் விட்டுவிட்டு வந்த இடம் அங்கே இல்லை. சாய்ந்த தூணும் கம்பிக் கூட்டமும் போன இடம் தெரியவில்லை. ஒரு மைதானம் அளவுக்கு, ஆள் உயரத்துக்கு, உடைந்த கான்கிரீட் கொட்டிக் கிடந்தது. இங்கே என்றாள், இல்லை அங்கே என்றாள். கருவி வைத்துக் கேட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அத்தனையையும் அள்ளினால் இரண்டு நாள் ஆகும், கண்டபடி அள்ளினால் அடியில் இருப்பவர் மேல் சரியும் என்றார் அதிகாரி. படையின் இன்னொரு நாய் நாகர்கோவில் பக்கம் போயிருந்தது. வர இருட்டிவிடும்.

"அதுவரைக்கும் உள்ள உள்ளவங்க தாங்குவாங்களா சார்?"

அதிகாரி வாட்சைப் பார்த்தார்.

புஷ்பம் கூடாரத்துக்குத் திரும்பி வந்து சாரலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கைகளையும் நாய்க்கு அடியில் கொடுத்தாள். டாக்டர் அவள் தோளைப் பிடித்தார்.

"வேண்டாம், புஷ்பம்."

"அவ நடக்க வேண்டாம் டாக்டர். குரைக்க வேண்டாம். நா தூக்கிட்டுப் போறேன். மூக்கு இருக்குல்லா. வாசன பட்டா நெஞ்சு துள்ளும். எனக்குக் காப்புல தெரிஞ்சிரும்."

"இவளத் தூக்கினா இவ செத்துப் போவா. நா சும்மா சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சா தூக்காத."

"உள்ள ஒரு ஆளு கெடக்கு டாக்டர். நாந்தான் நல்ல புள்ளன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அவள் கைகளை எடுக்கவில்லை. "சாரல் இல்லைன்னா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க. எனக்கு மட்டும் ஆசையா."

மீரான் அவள் தோளை விட்டார். பிறகு சலைன் பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றித் தன் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையில் குடையை விரித்தார். "நட," என்றார்.

அப்படி ஓர் ஊர்வலத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. நாயைப் பிள்ளைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இடிபாட்டின் மேல் ஏறினாள். ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் குடையுமாக ஒரு டாக்டர் பின்னாலேயே தடுமாறி ஏறினார். வேலை செய்தவர்கள் எல்லோரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு நின்றார்கள். வெயில் மண்டையில் இறங்கியது.

"துடிப்பு எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். அவருக்கு விரல் வைத்துப் பார்க்கக் கை இல்லை.

"இருக்கு டாக்டர். நிதானமா இருக்கு."

வடக்கு ஓரத்தில் தொடங்கி, நாலடி விட்டு நாலடி, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பினார்கள். ஒரு ஈ வந்து சாரலின் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. புஷ்பம் ஊதி விரட்டினாள்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு."

சூடு கூட ஏறவில்லை. சாரல் நல்ல பிள்ளையாக அவள் கையில் கிடந்தாள். பாதியைத் தாண்டியபோது புஷ்பத்துக்கு நம்பிக்கை கூட வந்துவிட்டது. ஆளையும் எடுத்துவிடலாம், நாயையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போது காப்பு துள்ளியது. ஒரு துடிப்பு தவறி, மூன்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன.

"இங்கன," என்று புஷ்பம் கத்தினாள். "இங்கன தோண்டுங்க."

கையால் தோண்டினார்கள், கடப்பாரையால் நெம்பினார்கள். சாய்ந்த தூண் தெரிந்தது. அதற்கடியில் சிமென்ட் கலவைத் தகரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் அடியிலிருந்து ஒரு பெண்ணின் விரல்கள் வெளியே வந்து அசைந்தன. முப்புடாதி என்று ஒரு சித்தாள். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தாள், ஆனால் உயிர் இருந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். டாக்டர் மட்டும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்த புஷ்பத்தின் மடியில் கிடந்த சாரலின் தொடைக்குள் விரல்களை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். ஈறை அமுக்கினார். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது.

"போயிட்டா, புஷ்பம்."

"இல்ல டாக்டர். அடிக்குதே. தொட்டுப் பாருங்க." அவள் மணிக்கட்டை நீட்டினாள். காப்பு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

மீரான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்மா. முந்தி காப்பு வந்த புதுசுல, நாய் உள்ள போயி சிக்னல் அறுந்தா காப்பு நின்னுரும். நாய் செத்துட்டுன்னு பதறிப் போயி ரெண்டு பேரு உள்ள ஓடி, சுவரு விழுந்து செத்தாங்க. அதுக்குப் பெறவு சிக்னலோ துடிப்போ கெடைக்காதப்ப நாயோட பழைய துடிப்பையே காப்பு அடிச்சுக் காட்டுத மாதிரி செஞ்சிட்டாங்க. நம்ம ஆளுங்க தைரியம் விட்டுரப்படாதுன்னு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா தைரியம் எப்படி வரும்?"

நாய்க்குத் தைரியம் வர ஆளை ஒளித்து வைக்கிறோம், நமக்குத் தைரியம் வர இதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புஷ்பத்துக்குத் தோன்றியது. "எப்பப் போனா?" என்றாள்.

"இப்பத்தான்," என்றார் டாக்டர். "கண்டுபிடிச்சிட்டுத்தான் போயிருக்கா."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புஷ்பம் அடுத்த மாதத்தைக் கழித்தாள். படையின் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் சாரலைப் புதைத்தார்கள். காப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் நெருக்கவில்லை. அவளும் கழற்றவில்லை. குளிக்கும்போதும், குழம்புக்குத் தாளிக்கும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் சாரல் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தாள். இறந்தவர்களின் சட்டையை வைத்திருப்பவர்கள் இல்லையா, இதுவும் அப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரவில் சில சமயம் இரண்டு நாடிகளும் ஒன்றாகிப்போகும். எது செத்தவளுடையது என்று தெரியாமல் விழித்துக் கிடப்பாள்.

முப்புடாதி பிழைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு காலை எடுத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முப்புடாதி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் நாய் வச்சிருக்கவங்களா? ஒங்க கொரலு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உள்ள கெடந்தேன்லா. நாய் கொரைச்சுது. அப்பாடி, வந்துட்டாவன்னு நெனச்சேன். கத்துதேன், சத்தமே வரல. பெறவு ஒரு பொம்பளக் கொரலு, நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு சொல்லுச்சு. பெறவு நாயத் தூக்கிட்டுப் போயிட்டாவ." அவள் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "அதுக்குப் பெறவுதான் மேல கல்லு கொட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. நா உள்ள இருக்கதுக்கா நாயக் கொஞ்சுதாவன்னு நெனச்சேன்."

புஷ்பம் பையைத் திறந்தாள். ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் கையில் வைத்தாள். வேறென்ன செய்வது.

திரும்பும் வழியில் மண்டபம் இருந்த இடத்தில் பேருந்தை விட்டு இறங்கினாள். எதற்கு இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இடம் சுத்தமாக இருந்தது. இடிபாட்டை அள்ளி, மண் போட்டு நிரவியிருந்தார்கள். உப்பளக் காற்று அடித்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அவள் மேற்குப் பக்கமாக நடந்தாள்.

காப்பு துள்ளியது.

புஷ்பம் நின்றாள். இன்னும் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மண்ணில் முழங்காலிட்டுக் காதை வைத்துக் கூடப் பார்த்தாள். பிறகு எழுந்து பத்தடி விலகினாள். காப்பு நிதானமானது. திரும்பி வந்தாள், துள்ளியது. மறுபடி விலகினாள், மறுபடி வந்தாள். ஒரு துடிப்பு தவறி, மூன்று ஒன்றன் மேல் ஒன்றாக.

அங்கிருந்து கூடாரம் இருந்த இடத்துக்கு நடந்தாள். வழியில் காப்பு சூடாகிக்கொண்டே வந்தது. சாரலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய அதே வழி. கூடாரத்து மூலையில் காப்பு கொதித்து, பிறகு மெல்ல ஆறியது. சாரல் நாலு வாய் தண்ணீர் நக்கிய இடத்தில் அமைதியாக அடித்தது. அந்தப் பகல் முழுவதும் மண்ணில் அப்படியே கிடந்தது. எந்த இடத்தில் சாரலின் நெஞ்சு எப்படி அடித்ததோ, அந்த இடத்தில் காப்பு அதையே எடுத்து அடித்துக் காட்டியது. பழைய துடிப்பு என்று டாக்டர் சொன்னது இதைத்தான்.

அவளுக்குக் கண்ணோரத்து ஈ நினைவுக்கு வந்தது. அவள் ஊதித்தான் அது பறந்தது. சாரல் இமைக்கவில்லை.

அப்படியானால் தூக்கிக்கொண்டு ஏறிய கொஞ்ச நேரத்திலேயே சாரல் போய்விட்டாள். முப்புடாதி கிடந்த இடத்தைக் காட்டியது காப்பு. புஷ்பம் காப்பை மட்டும் கட்டிக்கொண்டு அந்த இடிபாட்டின் மேல் நடந்திருந்தால் போதும், அதே இடத்தில் அது அதே மாதிரி துள்ளியிருக்கும். சாரல் கூடாரத்திலேயே, மின்விசிறிக்கு முன்னால், அசையாமல் கிடந்திருக்கலாம். அசையாமல் கிடந்தால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். வெறும் கையோடு போயிருக்க வேண்டிய இடத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டோம் என்று புஷ்பம் நினைத்தாள். அந்த வெட்டவெளியில் நின்று, கேட்க ஆளில்லாத தைரியத்தில், வாய் விட்டு அழுதாள்.

படையின் நாய்க் கொட்டிலில் டாக்டர் மீரான் புதிதாக வந்த ஒரு குட்டியை மேசையில் நிறுத்தி, உதட்டைத் தூக்கி ஈறு பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் சிப்பிப்பாறைதான். புஷ்பத்திடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது.

"வா, புஷ்பம். என்ன, மொகமெல்லாம் வீங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ஒரு சந்தேகம்." அவள் காப்பு கட்டிய கையை மேசை மேல், அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள். மண்டபத்துக்குப் போய்வந்ததை அவள் சொல்லவில்லை. "சிக்னல் இல்லாதப்ப இது பழைய துடிப்ப அடிக்கும்னு சொன்னியள்லா. அது எந்தப் பழைய துடிப்பு? இதுக்கு எடம் ஞாபகம் இருக்குமா?"

குட்டியின் ஈறின் மேலிருந்த டாக்டரின் விரல் அப்படியே நின்றது. பிறகு அவர் குட்டியின் காதைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பாதத்தைத் தூக்கி நகத்தைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சேணத்தைப் பார்த்தார். அவள் மணிக்கட்டின் பக்கம் மட்டும் அவர் பார்வை வரவே இல்லை.

"எடமெல்லாம் அதுக்கு எங்க தெரியப்போகுது," என்றார். "அது சும்மா ஒரே சீரா அடிக்கும், அவ்வளவுதான். அன்னிக்குத் துள்ளுனது சாரல்தான். அவதான் காட்டிக் குடுத்தா."

ஆள் ஒளிந்திருக்கும் பக்கம் பார்க்கக் கூடாது என்பது படையில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். புஷ்பம் அவரை நன்றாகப் பார்த்தாள். அவருடைய கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. அன்று பாட்டிலைத் தூக்கிப் பிடித்த கை குட்டியின் பாதத்தை இன்னும் விடவில்லை. அவருக்கு எப்போது தெரிந்ததோ. எத்தனை நாளாக இதை அவளுக்காக ஒளித்து வைத்திருக்கிறாரோ.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை ஆளை ஒளித்து வைத்து, சாரலுக்குப் பந்து கொடுத்திருக்கிறாள். பிச்சைக்கண்ணுவின் வியர்வை வாசனை சாரலுக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் வாலை ஆட்டி வாங்கிக்கொண்டாளோ என்னவோ. அவள் வாங்காமல் விட்டது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு ஒளிந்திருந்தவர் யாரும் இல்லை.

"சரி டாக்டர்," என்றாள் புஷ்பம். "அவதான் காட்டிக் குடுத்தா."

கையை மேசையிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். காப்பு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு மூச்சு வந்தது. அவர் குனிந்து தடவிக் கொடுத்தார்.

"நல்ல புள்ள, நல்ல புள்ள," என்றார். குட்டியிடம்தான் சொன்னார்.